தரையில் வைத்த விளக்கு

அக்டோபர் 6

என் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். உன் முழங்கை வீக்கம் வடிந்ததா? ஆஸ்பத்திரித் துணியெல்லாம் நீ ஒருத்தியே பிழிய வேண்டும் என்று விதியா?

முதலில் பிள்ளைகள் சங்கதி. மூத்த பேரன் கிரேன் ஓட்டும் பரீட்சையில் தேறிவிட்டான். இரும்புத் தூணைப் பஞ்சு மாதிரி தூக்கி வைக்கிறானாம். சின்ன வயசில் நாற்காலியில் ஏற்றினாலே அழுவான், ஞாபகம் இருக்கிறதா? என் மகள் வீட்டுப் பெண் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டர் கையெழுத்து அவளுக்கு மட்டும்தான் புரிகிறது என்று கடைக்காரரே சொல்கிறாராம். அவள் தம்பி நீச்சலில் கோப்பை வாங்கினான். தகரக் கோப்பைதான். ஆனாலும் கோப்பை கோப்பைதானே.

கடைசியில் சொன்னாலும் கடைக்குட்டி சில்லுதான் எல்லோருக்கும் மேலே. கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். உங்கள் துறைமுக ஊரில் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை எழுதியிருக்கிறாள். இங்கே எட்டாம் வகுப்போடு கதவைச் சாத்திவிடுகிறார்கள், அதற்கு மேல் படிக்க அங்கேதான் வர வேண்டும். நான் அஞ்சாம் வகுப்பு. என் அஞ்சும் அவள் எட்டும் சேர்ந்தால் பதிமூன்று என்று சொன்னேன். "அந்தக் கணக்கு செல்லாது பாட்டி" என்கிறாள் வாயாடி.

தாயைப் பிறந்த அன்றே இழந்தவள், இவ்வளவு தேறி நிற்கிறாள் பார். விடிந்ததும் சாக்கை எடுத்துக்கொண்டு கழிவு மேட்டுக்குப் போய்க் கரி பொறுக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம். போன வாரம் எவனோ தள்ளிவிட்டு, மேட்டு உச்சியிலிருந்து உருண்டு வந்தாள். முழங்கால் பிளந்து ரத்தம். நான் பதறி ஓடினால், "சாக்கு கிழியலல்ல?" என்று கேட்கிறாள்! மேட்டில் ஒரு கல்லைப் பிளந்தாளாம், உள்ளே ஒரு இலை. வரைந்த மாதிரி நரம்பு நரம்பாக. கரியெல்லாம் ஒரு காலத்தில் காடாக இருந்தது என்று டீச்சர் சொன்னாராம். அன்றிலிருந்து சன்னல் ஓரம் முழுக்கக் கல்தான்.

இன்னொரு அதிசயம் கேள். இந்த வருஷம் எங்கள் வீட்டுத் தரை சூடாக இருக்கிறது. பனி விழுந்தால் ஊரெல்லாம் வெள்ளை, எங்கள் வாசல் மட்டும் கறுப்பு. பக்கத்து வீட்டுப் பெல்ட்காரி, அதான், கரி ஓடுகிற பெல்ட்டில் நின்று கல் பொறுக்குகிறவள், ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுகிறாள். "பெரியம்மா, உங்க தரைய எனக்குச் சீதனமாக் குடுத்துடுங்க" என்று சிரிக்கிறாள். என் முட்டி வலி போன இடம் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுரங்கத்தில் மண் சரிந்தபோது என் மகன் நின்ற இடம் எங்கள் வீட்டு வரிசைக்கு நேர் கீழே என்றுதான் சொன்னார்கள். எடுக்க முடியாது என்று சுவர் வைத்து அடைத்தார்கள்.

இதோடு சில்லுவின் படம் வைத்திருக்கிறேன். வீட்டு வாசலில் நிற்கிறாள். எடுத்தவன் தலையைப் பார்த்தான், காலை மறந்துவிட்டான். பாதம் வெட்டுப்பட்டுவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

*

அக்டோபர் 25

அன்பு அக்கா,

கை தேவலை. நீயும் சில்லுவும் வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படத்தைச் சலவை அறையில் எல்லோருக்கும் காட்டிவிட்டேன். "கண்ணு ரெண்டும் எதையோ கணக்குப் போடுது" என்றாள் இஸ்திரிக்காரி. உண்மைதான், அப்படியே அவள் அப்பன் கண்.

பரீட்சையில் தேறினால் வேறு எங்கும் இடம் தேடாதே. என் வீட்டில் கடலைப் பார்த்த சன்னல் ஒன்று சும்மா கிடக்கிறது. நான் படுத்தால் குறட்டைதான் விடுவேன், அவள் படிப்பாள். கோடை விடுமுறை முடிந்து வகுப்பு ஆரம்பிக்கும்போது வந்தால் போதும்.

தரை சூடு நல்லதுதான். எனக்கும் ஒரு பாய் விரித்து வை.

தங்கச்சி

*

நவம்பர் 19

தங்கச்சி,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் ஊர்க் காற்று உன் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்கிறதா?

தேறிவிட்டாள்! பட்டியலில் மூன்றாவது பெயர் நம் சில்லு. மேட்டிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தாள், சாக்கு ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். சுரங்கத்தில் விபத்துச் சங்கு ஊதினால் எட்டிப் பார்க்கிற மாதிரி வரிசை முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. நல்ல செய்திக்காக வாசலுக்கு வந்து எத்தனை காலமாயிற்று.

இப்போதெல்லாம் கட்டிலை மடக்கி வைத்துவிட்டோம். இரண்டு பேரும் தரையில்தான். படுத்தால் போதும், யாரோ மடியில் போட்டுக்கொள்கிற மாதிரி. பெல்ட்காரி வேலைக்குப் போகும்போது கைக்குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறாள். வீட்டில் ஊரைக் கூட்டுகிற குழந்தை, இங்கே தரையில் போட்டதும் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காமல் தூங்குகிறது. "என்ன பெரியம்மா வசியம் பண்றீங்க?" என்று கேட்கிறாள்.

நானும் கூடவே கண்ணயர்கிறேன். பகல் கனவுதான். மகன் வருகிறான். எங்கும் கறுப்பு மரங்கள், கறுப்பு இலைகள், அதற்கு நடுவில் மெதுவாக நடந்து வருகிறான். சில்லுவின் கல்லில் இருக்கிற அதே இலை. கையில் விளக்கு இல்லை. அவனுக்கு இப்போது இருட்டில் கண் தெரிகிறது போல. பேசுவதில்லை. கனவில் எனக்கும் பேச்சு வேண்டியிருப்பதில்லை.

எழுந்தால் மட்டும் தலை பாரமாக இருக்கிறது. வயசு.

அக்கா

*

டிசம்பர் 4

அன்பு அக்கா,

என் நெஞ்சும் கையும் ஒழுங்காக இருக்கின்றன. எனக்கு உன்னைப் பற்றித்தான் விசாரம்.

மூன்றாவது பெயர் என்று படித்ததும் நனைந்த கையோடு குதித்தேன். ஆனால் நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லையே. அனுப்புகிறாயா இல்லையா?

இன்னொன்று. அந்தத் தலை பாரம் வெளியே வந்தால் போய்விடுகிறதா? போன வருஷம் எங்கள் சலவை அறையில் கொதிகலன் புகைபோக்கி அடைத்துக்கொண்டது. புகையும் தெரியவில்லை, நாற்றமும் தெரியவில்லை. எல்லோருக்கும் தலைவலி, அப்புறம் தூக்கம் தூக்கமாக வந்தது. நல்லவேளை யாரோ கதவைத் திறந்தார்கள். இஸ்திரிக்காரி விழுந்தே விட்டாள். அவளை எழுப்பியபோது "ஏண்டி எழுப்பினீங்க, எவ்ளோ நல்ல கனவு" என்று திட்டினாள்.

குழந்தை அப்படித் தூங்குவது எனக்குப் பிடிக்கவில்லை அக்கா. கீழே கரிப்படுகை. அது எதனால் சூடாகிறது என்று யாரையாவது கேட்டாயா? சன்னலையாவது திறந்து வை.

தங்கச்சி

*

ஜனவரி 2

தங்கச்சி,

புது வருஷம் உன் வீட்டு வாசலில் நல்ல காலடி வைக்கட்டும். நாங்கள் சௌக்கியமாகக் கதகதப்பில் கிடக்கிறோம்.

யாரை நான் கேட்பது? எனக்குத் தெரியாதா என் வீட்டுத் தரை எதனால் சூடாகிறது என்று? என் மகன் உயிரோடு இருந்தபோது வேலை முடிந்து வந்ததும் என் காலைத் தொட்டுப் பார்ப்பான். "ஐஸ் மாதிரி இருக்கு, அடுப்புப் பக்கம் வாம்மா" என்பான். மேலே வர வழியில்லை. அங்கிருந்தே என் காலைத் தேய்த்துவிடுகிறான். அவ்வளவுதான் சங்கதி. சன்னலைத் திறந்தால் அவன் தருகிறதெல்லாம் வெளியே போய்விடாதா? நான் திறக்க மாட்டேன்.

இப்போது அவன் தினமும் வருகிறான். நேற்று நானும் அந்தக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனேன். கால் மண்ணில் படவில்லை. மேலேயிருந்து இலை உதிர்ந்துகொண்டே இருக்கிறது, எதுவும் தரைக்கு வந்து சேர்வதில்லை. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் திரும்பியிருப்பான். அதற்குள் சில்லு பிடித்து உலுக்கி எழுப்பிவிட்டாள். "எவ்ளோ நேரமாக் கூப்பிடறேன் பாட்டி!" என்று அழுகிறாள். இப்போதெல்லாம் தொட்டதற்கெல்லாம் அழுகை.

வகுப்பில் இரண்டு தடவை தூங்கிவிட்டாளாம். கணக்கில் முதல் இடம் போயிற்று. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். பனி என்று நினைக்கிறேன்.

உன் ஊருக்கு அனுப்புவது பற்றி அவளிடமே கேட்டேன். "இந்த வீட்டை விட்டு நீ வந்தா நான் போறேன், இல்லேன்னா இல்ல" என்று சொல்லிவிட்டாள். நான் இவனை விட்டு எங்கே வருவது? ஆகவே அது அப்படியே நிற்கிறது.

அக்கா

*

ஜனவரி 15

அன்புள்ள சின்னப்பாட்டி,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள். நாங்கள் நலம் என்று எழுதினால் அது பொய்.

இதைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாட்டிக்குக் கண் மங்கலாக இருந்ததால் உங்கள் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். புகைபோக்கி விஷயம் அன்றிலிருந்து என் மனசிலேயே இருக்கிறது.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். குழந்தை தரையில் கிடந்தது, பாட்டி பக்கத்தில் தூங்கினார். குழந்தையைக் கிள்ளினேன், அசையவில்லை. தூக்கினால் தலை துணி மாதிரி தொங்கியது. வெளியே குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே காற்று கத்தி மாதிரி அடிக்கும். பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அழுதது. அந்த மாதிரி ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை. உடனே திரும்பி ஓடிப் பாட்டியையும் வாசலுக்கு இழுத்து வந்தேன். "ஏன்டி தூக்கத்தக் கெடுக்கற" என்று திட்டினார்.

அன்று சாயங்காலம் அப்பாவின் விளக்கை அலமாரி மேலிருந்து எடுத்தேன். சுரங்கத்துக்குள் கொண்டு போவாரே, அந்தக் கூண்டு விளக்கு. பாட்டி தினமும் அதைத் துடைத்து ஏற்றி மேலே வைப்பார், அங்கே நன்றாக எரியும். நான் தரையில் வைத்தேன். சுடர் சுருங்கி அணைந்துவிட்டது. வாசலில் வைத்து ஏற்றினேன், எரிந்தது. மறுபடி தரையில் வைத்தேன், அணைந்தது. இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும் சின்னப்பாட்டி. விளக்கு அணைந்தால் அங்கே காற்று கெட்டுவிட்டது. சுரங்கத்துக்குள் எல்லோரும் விளக்கைப் பார்த்துத்தான் கால் வைப்பார்கள். வீட்டுக்குள் யாருமே பார்க்கவில்லை. வீடு மேலே இருக்கிறது என்று நினைத்துவிட்டோம்.

சுரங்க வாசலில் இருக்கும் எழுத்தரிடம் போய்ச் சொன்னேன். "வீட்டுல விளக்கு அணைஞ்சா எண்ணெய் ஊத்து பாப்பா" என்று சொன்னார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பாட்டியிடம் அணைத்துக் காட்டினேன். "உங்கப்பன் ஊதி அணைக்கிறான். அவனுக்கு எப்பவுமே விளையாட்டு" என்றார். எனக்கும் கனவில் அப்பா வருகிறார் சின்னப்பாட்டி. அதனால் எனக்கும் அந்தத் தரையை விட மனசில்லை. ஆனால் அவருக்கு முகமே இல்லை. எழுந்தால் தலைவலிதான் இருக்கிறது.

இப்போது நான் வாசல்படியில் தலை வைத்துப் படுக்கிறேன். நான் அங்கே கிடந்தால் பாட்டியால் கதவைச் சாத்த முடியாது. ஆனால் பள்ளிக்கூடம் போனதும் சாத்திக்கொள்கிறார்.

நான் எழுதியதைப் பாட்டியிடம் சொல்லாதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

சில்லு

*

ஜனவரி 17

தங்கச்சி,

இருக்கிறோம். நீயும் இரு.

பெல்ட்காரி இப்போது நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை. பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என்ன கோபமோ.

பனி அதிகம். சில்லு வாசல்படியில் படுத்துக்கொண்டு கதவைச் சாத்த விடமாட்டேன் என்கிறாள். பிடிவாதம் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

அவன் விளக்கை ஊதி அணைக்கிறான். மூன்று தடவை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். அவன் வருகிறான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எழுத்து இரட்டையாகத் தெரிகிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

அக்கா

*

ஜனவரி 24

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. காய்ச்சல் காலம் என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் விடுப்பு தரமாட்டேன் என்கிறார்கள். சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைத்த அன்று ரயில் ஏறுவேன். மூத்த பேரனுக்கும் ஆள் விட்டிருக்கிறேன். எங்கள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு இந்தக் கடிதம் வந்துவிடும்.

புகைபோக்கிக் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரு தடவை எழுதினேன், நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, நீ சொல்வதையே நான் ஒப்புக்கொள்கிறேன். அவன்தான் வருகிறான். அவன்தான் விளக்கை அணைக்கிறான். மூன்று தடவை அணைத்தான். ஏன் அணைத்தான் அக்கா?

நீ அவன் அம்மா, நான் அவன் சித்தி. சுரங்கத்துக்குப் போன முதல் நாள் சாயங்காலம் நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னானே, மறந்துவிட்டதா? "சித்தி, கீழ ஒருத்தன் தன் விளக்க அணைச்சுக் காட்டினா, அதுக்கு ஒரே அர்த்தம்தான். பேசாதே, கேள்வி கேக்காதே, திரும்பிப் பாக்காதே. ஓடு." பெரிய மனுஷன் மாதிரி விரலை ஆட்டினான். நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டே சிரித்தாய்.

அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். நீ சுகமாகப் படுத்திருக்கிறாய். அவன் பிள்ளை வாசல்படியில் கிடக்கிறாள்.

தங்கச்சி

*

பிப்ரவரி 20

என் தங்கச்சிக்கு,

முதலில் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுக்கொள். இரண்டு பேரும் உயிரோடு, குளிரில், நன்றாக இருக்கிறோம். நீ போனதும் ரயில் பிடித்து ஒழுங்காகச் சேர்ந்தாயா? விடுப்பு முடிந்து ஒரு நாள் தாமதமாகப் போனதற்கு உங்கள் சலவை அறை மேஸ்திரி என்ன சொன்னான்?

நீ வந்தபோது நாங்கள் ஏற்கெனவே வெளியே இருந்தோம். அன்று என்ன நடந்தது என்று நீ கேட்டாய், எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வருகிறது.

உன் கடிதம் வந்தபோது சில்லு பள்ளிக்கூடத்தில். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். "ஓடு" என்கிற இடத்துக்கு வந்ததும் திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். அப்புறம் எழுந்து விளக்கை ஏற்றி அவனிடமே கேட்டேன். "டேய், நான் போகணுமா?" என்று கேட்டுக்கொண்டே தரையில் வைத்தேன். சுடர் ஒரு தடவை படுத்து எழுந்தது. அப்புறம் படுத்தது, எழவில்லை.

அழவில்லை. சன்னலைத் திறந்தேன். பாயைச் சுருட்டினேன். அவன் சட்டை, பாத்திரம், சில்லுவின் கற்கள் என்று கைக்கு வந்ததை எல்லாம் வாசலில் கொண்டு வந்து வைத்தேன். சில்லு பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் பனியில் கட்டிலைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன், ராணி மாதிரி. தூரத்திலேயே நின்றுவிட்டாள். "என்ன பாட்டி?" என்றாள். "குளிருதுடி, ஒரு போர்வை எடு" என்றேன். அவள் போர்வை எடுக்கவில்லை. ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த எலும்புக்கூட்டுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

அப்புறம் விளக்கைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் வரிசையில் வீடு வீடாகப் போனோம். தரையில் வைத்தோம். பெல்ட்காரி வீட்டில் அணைந்தது. அதற்கு அடுத்த வீட்டில் அணைந்தது. சிறிய பெண் சொன்னபோது சிரித்தவர்கள், கிழவி விளக்கோடு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். எல்லாம் சுரங்கத்து ஆட்கள். அணைந்த விளக்கைப் பார்த்தால் காலே தானாக நகர்ந்துவிடும். சாயங்காலத்துக்குள் வரிசை காலி. மறுநாள் பெரிய ஆட்கள் கருவியோடு வந்தார்கள். அடைத்துப் போட்ட படுகை எப்போதோ தீப்பிடித்து, கனிந்து கனிந்து எங்களுக்குக் கீழே வந்து நிற்கிறதாம். தீ என்று அவர்கள் சொல்லட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நீ பார்த்தாயே, இப்போது மலைப் பக்கம் பழைய குதிரைக் கொட்டடி. சுவரில் இன்னும் குதிரை வாசம். தரை பனிக்கட்டி. முட்டி வலி திரும்பி வந்துவிட்டது, தலைவலி போய்விட்டது. சில்லு மறுபடி மேட்டில் ஓடி ஏறுகிறாள். கணக்கில் இரண்டாவது. இரண்டாவது என்று சொல்ல அவளுக்கு வெட்கம், எனக்குப் பெருமை.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீடு உட்கார்ந்துவிட்டது. இடிந்து விழவில்லை, களைத்துப் போனவள் சுவரோரம் மெல்ல உட்காருவாளே, அந்த மாதிரி. கொஞ்சம் புகை வந்தது. பெல்ட்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். குழந்தையை என் கையில் கொடுத்தாள். குழந்தை என் காதைப் பிடித்து இழுத்துக் கத்து கத்தென்று கத்தியது. கத்தட்டும்.

கனவு மட்டும் வருவதில்லை, தங்கச்சி. காடும் இல்லை, அவனும் இல்லை. கண்ணை மூடினால் வெறும் இருட்டு. நல்ல தூக்கம் என்று சொல்கிறார்கள். இருக்கலாம்.

அக்கா

*

ஜூன் 28

அன்பு அக்கா,

இங்கே மழை, எனக்கு ஜலதோஷம், மற்றபடி பழுதில்லை. நீ சாப்பிட்டாயா என்று ஒருத்தி தினமும் கடலைப் பார்த்துக் கேட்கிறாள்.

சில்லு பத்திரமாக வந்து சேர்ந்தாள். மூத்தவன் ரயிலடியிலிருந்து தூக்க முடியாமல் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தான். உள்ளே பாதி கல்! முதல் நாள் கட்டிலைக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, விளக்கணைத்ததும் போய் வாசல்படியில் படுத்துக்கொண்டாள். நான் கதவைத் திறந்தே வைத்தேன். ஒரு வாரம் கழித்துத் தானாகக் கட்டிலுக்கு வந்தாள். கீழே கையை விட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இன்னும் தூங்குகிறாள்.

"பாட்டி எப்படி ஒத்துக்கிட்டா?" என்று கேட்டேன். "அவங்கதான் என்னை ரயில்ல ஏத்தினாங்க. பேசாதே, கேள்வி கேக்காதே, திரும்பிப் பாக்காதேன்னாங்க. நான் திரும்பிப் பாத்தேன்" என்றாள்.

நீயும் வந்துவிடேன் அக்கா. சன்னல் பெரியதுதான்.

தங்கச்சி

*

ஆகஸ்ட் 11

என் தங்கச்சிக்கு,

உன் ஜலதோஷம் பறந்துபோயிருக்கும். நான் கல்லு மாதிரி இருக்கிறேன். கொட்டடிக் கூரையை மூத்தவன் வந்து அடைத்துவிட்டுப் போனான். கிரேன் இல்லாமலேயே.

சில்லு எழுதியிருந்தாள். புதுப் பள்ளிக்கூடத்தில் முதல் கணக்குப் பரீட்சையில் எல்லோரையும் முந்திவிட்டாளாம். இலைக் கல்லை வகுப்பில் காட்டினாளாம், டீச்சர் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டாராம். கடலில் முழங்கால் வரைக்கும் நின்றாளாம். இந்த மூன்றையும் நான் குழாயடியில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. இனிமேல் புதிதாக ஏதாவது செய்யச் சொல்.

நான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அவனுக்கு மேல் இருந்த தரையை விட்டுவிட்டேன், இந்த மலையையும் விட என்னால் ஆகாது. எனக்கும் இப்போது வேலை இருக்கிறது. சாயங்காலமானால் அவன் விளக்கை எடுத்துக்கொண்டு கீழ் வரிசை வீடுகளுக்குப் போகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் குழந்தை படுக்கிற இடத்தில் வைக்கிறேன். எரிந்தால் அடுத்த வீடு. "விளக்குப் பாட்டி வந்தாச்சு, இனிமே தூங்கலாம்" என்கிறார்கள். இதுவரைக்கும் எங்கும் அணையவில்லை. அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். அலமாரி மேல் இப்போது விளக்கை வைப்பதில்லை. என் தலைமாட்டில், தரையில்தான்.

நேற்று பல நாள் கழித்து ஒரு கனவு. காடுதான், ஆனால் பச்சை. அவன் இல்லை. சில்லு முன்னால் போய்க்கொண்டிருந்தாள், அவள் கால் மண்ணில் பட்டுச் சருகு நொறுங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் விழித்தேன். தலை வலிக்கவில்லை.

ஒரு வேலை செய். என்னிடம் இருப்பது அந்தப் பழைய படம். அவள் பின்னால் தெரிகிற கதவு இல்லை, சுவர் இல்லை, சன்னல் இல்லை. இருந்த இடத்தில் புகைகிறது. அதைப் பார்க்கப் பார்க்க, அவள் இன்னும் அங்கேயே நிற்கிற மாதிரி எனக்குப் பதறுகிறது. புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. சிரிக்கச் சொல்லி வற்புறுத்தாதே, கடலும் வேண்டாம். எடுக்கிறவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல். செருப்பில்லாமல் நிற்கட்டும். பாதம் இரண்டும், அது நிற்கிற தரையும் முழுசாகத் தெரிய வேண்டும்.

அக்கா